ஏழாம் பதிப்பு, நாற்பத்தொன்றாம் பக்கம்

ஜூன் 3

அண்ணனுக்கு,

ரெண்டு வருஷமா உனக்கு ஒரு வரி எழுதினதில்ல. இப்பவும் எழுதியிருக்க மாட்டேன். வேற ஆள் இல்ல, அதான்.

போன வாரம் இங்க ஒரு விபத்து. எனக்கு ஒண்ணும் ஆகல. என்கூட வேலை பாக்குற மெக்கானிக்குக்கு வலது கை நசுங்கிடுச்சு. சோடாபுட்டின்னு கூப்பிடுவோம், கண்ணாடி அவ்வளவு தடிமன். ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. மத்தது மடங்குமான்னு இன்னும் தெரியல.

மலைக்கு அடியில தண்ணி போக சுரங்கம் தோண்டுற இடம் இது. ஆட்கள் கீழ இறங்குறதுக்கு நம்ம கம்பெனி லிஃப்ட்தான். அதைப் பாத்துக்குறது நாங்க ரெண்டு பேரும். அன்னிக்குக் காலையில பத்து மணி வாக்குல லிஃப்ட் பாதி வழியில நின்னுடுச்சு. நல்லவேளை, உள்ள ஆள் இல்ல. பிரேக்கைத் திறந்து பாக்கணும். மெயினை அணைச்சோம். நான் கையேட்டைச் சத்தமா படிப்பேன், அவர் கேட்டுக் கேட்டுச் செய்வார். எப்பவும் அப்படித்தான். “மின்சாரத்தை நிறுத்திய பின் மூன்று நிமிடம் காத்திருந்து மூடியைத் திறக்கவும்.” நாங்க நாலு நிமிஷமே இருந்தோம். அவர் கடைசி ஸ்க்ரூவைக் கழட்டினார். உள்ள எண்ணெய் அழுத்தம் இறங்கவே இல்ல. இரும்புக் கை சுழண்டு வந்து அடிச்சது. அழுத்தம் காட்டுற முள் இந்த மாடல்ல மூடிக்கு உள்ள இருக்கு. திறந்தாத்தான் தெரியும். யார் கண்டுபிடிச்ச புத்திசாலித்தனமோ.

சாயங்காலமே கையேட்டை வாங்கிட்டுப் போயிட்டாங்க. மறுநாள் சைட் மேனேஜர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுறார், புத்தகத்தைக் காட்டல. அதுல பதினஞ்சு நிமிஷம்னு இருக்கு. “பதினஞ்சை மூணுன்னு படிச்சியாம்மா?”ன்னு கேக்குறார். என் கண்ணு நல்லாத்தான் இருக்கு சார், கண்ணாடி போட்டவர் அவர்னு சொன்னேன். அது தப்பாப் போச்சு, திமிர்னு எழுதிக்கிட்டாங்க.

விசாரணை முடியற வரைக்கும் வெளிய போகக் கூடாதாம். அடையாள அட்டையை வாங்கி வச்சுக்கிட்டாங்க. அது இல்லாம கேட்டைத் தாண்ட முடியாது. செல்போனுக்கு இங்க டவர் கிடையாது. ஆபீஸ் போன்ல பேசினா மேனேஜர் பக்கத்துலயே உக்காந்திருப்பார். அதனால சாமான் லாரி ஓட்டுற அண்ணன் கையில கொடுத்து அனுப்பறேன். செவ்வாயும் வெள்ளியும் வருவார். பதிலையும் அவர்கிட்டயே கொடு.

அந்தக் கையேடு உன் பிரிவுல தயாராகறது. ஏழாம் பதிப்பு, நாற்பத்தொன்றாம் பக்கம். என்ன அச்சாச்சுன்னு பாத்துச் சொல்லு. உதவின்னு கேக்கல. உன் வேலையைத்தான் கேக்குறேன்.

தங்கச்சி


ஜூன் 8

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. உன் சக ஊழியருக்கு நேர்ந்ததைப் படித்து மிகவும் வருந்தினேன்.

அந்தத் திருத்தத்தைச் செய்தவனே நான்தான். புது மாடலில் எண்ணெய்த் தொட்டி பெரியது, அழுத்தம் இறங்க அதிக நேரம் ஆகும் என்று பிப்ரவரியில் பொறியாளர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அன்றே மூன்றைப் பதினைந்தாக மாற்றினேன். என் கணினியில் முழுப் புத்தகத்தையும் உருவாக்கி, நாற்பத்தொன்றாம் பக்கத்தை என் கண்ணால் பார்த்தேன். பதினைந்துதான். இன்றும் பார்த்தேன். பதினைந்துதான்.

உன் கையில் இருந்தது ஆறாம் பதிப்பாக இருக்கலாம். பழைய புத்தகங்கள் பல இடங்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவசரத்தில் எதை எடுத்தோம் என்று பார்க்காமல் எடுத்திருக்கலாம். உனக்கு அவசரம் புதிதல்ல.

தவறு நடந்திருந்தால் ஒப்புக்கொள்வதே நல்லது. ஒப்புக்கொண்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இழுத்தால்தான் சிக்கல்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. நீ வேலையில் மும்முரமாக இருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அண்ணன்


ஜூன் 11

அண்ணனுக்கு,

ஒப்புக்கொள்ளணும். சரி. எதை?

உனக்கு அவசரம் புதிதல்லன்னு ஒரு வரி போட்டியே, அதை நாலு தடவை படிச்சேன். தொழிற்சாலையில சோதனைப் பிரிவுல இருந்தப்ப நான் செஞ்சது தப்புதான். ரெண்டாவது எடைச் சோதனை செய்யாமலே தாள்ல கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் அப்படித்தான் போட்டாங்க, நானும் போட்டேன். கேட்ட உடனே ஒத்துக்கிட்டேன். ஆனா கேட்டது யாரு? இயக்குநர். அவருக்கு எழுதிக் கொடுத்தது யாரு? நீ. முந்தின நாள் ராத்திரி ஒரே மேஜையில உக்காந்து சாப்பிட்டோம். குழம்பை இந்தப் பக்கம் தள்ளுன்னு சொன்ன. அதை மட்டும் சொல்லல. தண்டனை இல்ல, இடமாற்றம்னு சொல்லி என்னைச் சைட்டுக்கு அனுப்பினாங்க. அன்னிலேர்ந்து மூணாவது மலை இது.

அது போகட்டும். இப்ப நான் சொல்றதைப் பொறுமையா படி.

இந்தச் சைட்டே ஏப்ரல்லதான் திறந்தாங்க. ஆறாம் பதிப்பு இங்க வந்ததே கிடையாது. லிஃப்ட் வந்த பெட்டிக்குள்ளயே கையேடு இருந்துச்சு, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காம. உறையைக் கிழிச்சது நான். அட்டையில ஏழாம் பதிப்பு. உள்ள மூணு நிமிஷம். அட்டை புதுசா இருந்து பக்கம் மட்டும் பழசா இருக்க முடியுமா? முடியாதுன்னா நான் பைத்தியம். முடியும்னா எப்படின்னு நீதான் சொல்லணும். புத்தகத்தைக் கம்ப்யூட்டர்ல ஒரு கருவியே தயாரிச்சுடும், மனுஷன் கையே படாதுன்னு வர்றவங்ககிட்டல்லாம் பெருமை அடிச்சுப்பியே. அது எப்படித் தயாரிக்குதுன்னு போய்ப் பாரு.

நேத்து மேனேஜர் ஒரு தாள் கொண்டு வந்தார். “என் கவனக்குறைவால்”னு ஆரம்பிக்குது. கையெழுத்துப் போட்டா வெள்ளிக்கிழமை லாரியில போயிடலாமாம். பேனாவையும் அவரே மூடி கழட்டிக் கொடுத்தார். நான் வாங்கல.

வேலைக்கும் விடமாட்டேங்குறாங்க. தகரக் கூண்டு மாதிரி என் அறை. பத்து மணிக்கு மேல உள்ள உக்கார முடியாது, அனல். வெளிய வந்தா வேலி. வேலியைச் சுத்தி நடந்தா ஆயிரத்து நூத்திச் சொச்சம் அடி. காவல்காரர் ஒவ்வொரு சுத்துக்கும் “நடையா?”ன்னு கேக்குறார். இல்லைங்க, ஊர்வலம்னேன்.

தங்கச்சி


ஜூன் 17

வாலு,

இப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கான்னு தெரியல. முதல்ல சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன். நீ படிச்சது மூணுதான். நீ சரியாத்தான் படிச்ச.

உன் கடிதம் வந்த அன்னிக்குக் கோபத்துலதான் தேட ஆரம்பிச்சேன், உன் வாயை அடைக்கணும்னு. மூணு நாள் ஆச்சு.

கையேட்டுல முப்பத்தெட்டு அத்தியாயம். ஒவ்வொண்ணும் தனிக் கோப்பு. பல அத்தியாயங்களுக்குப் பொதுவான எச்சரிக்கைகள், காத்திருக்கும் நேரம், இதையெல்லாம் வேற கோப்புகள்ல வச்சிருக்கோம். அத்தியாயத்துல “இந்த இடத்தில் அந்தக் கோப்பைச் சேர்”னு ஒரு வரி மட்டும் இருக்கும். ஒரு இடத்துல திருத்தினா எல்லா இடத்துலயும் திருந்தணும், அதுக்காக. ஆனா கருவி ஒவ்வொரு தடவையும் முப்பத்தெட்டையும் புதுசா உருவாக்காது. நேரம் ஆகும்னு, மாறாத அத்தியாயத்துக்குப் போன தடவை செஞ்ச பக்கத்தையே எடுத்து வச்சுக்கும். எந்த அத்தியாயம் எந்தெந்தக் கோப்பைப் படிச்சு உருவாச்சுன்னு ஒரு பட்டியல் வச்சிருக்கும். பட்டியல்ல இருக்குற கோப்பு எதுவும் மாறலேன்னா, அத்தியாயமும் மாறலேன்னு அதுக்குக் கணக்கு.

காத்திருக்கும் நேரத்தை மாடலுக்குத் தகுந்தாப்ல எடுத்துப் போடறதுக்கு ஒரு சின்ன நிரல், அதான் புரோகிராம், தேவைப்பட்டுச்சு. நான்தான் எழுதினேன். பிரமாதமா வேலை செஞ்சுது. கூட்டத்துல கை தட்டினாங்க. அந்த நிரல் ஒரு கோப்பைப் படிச்சதும், “இதையும் படிச்சிருக்கேன், பட்டியல்ல சேத்துக்கோ”ன்னு கருவிகிட்டச் சொல்லணும். ஒரே ஒரு வரி. அந்த வரியை நான் எழுதல. மறந்துட்டேன்னு கூடச் சொல்ல முடியாது. அப்படி ஒண்ணு வேணும்னே எனக்குத் தோணல.

என் கணினியில பழைய பக்கம் எதுவும் கிடையாது. அதனால எல்லாம் புதுசா உருவாகி, பதினஞ்சுன்னு வந்துச்சு. அச்சறைக் கணினியில பழைய பக்கங்கள் இருந்துச்சு. அட்டையோட கோப்பு மாறியிருந்தது, அட்டை புதுசா வந்துச்சு. நேரம் இருக்குற கோப்பு பட்டியல்லயே இல்லாததால, பிரேக் அத்தியாயத்தைப் பொறுத்தவரைக்கும் எதுவும் மாறல. பழைய பக்கத்தையே எடுத்து உள்ள வச்சுடுச்சு. ஒரு எச்சரிக்கை இல்ல, ஒரு பிழைச் செய்தி இல்ல. “வெற்றிகரமாக முடிந்தது”ன்னு பச்சை எழுத்துல காட்டியிருக்கு.

ஏப்ரல்ல அச்சறைக் கணினியைச் சுத்தம் பண்ணினாங்க. அதுலேர்ந்து எங்க பாத்தாலும் பதினஞ்சு. திருடன் வீட்டைக் கூட்டித் துடைச்சுட்டுப் போன மாதிரி. ஆனா அச்சடிச்ச அன்னிக்குக் கருவி என்னென்ன செஞ்சுதுன்னு ஒரு பதிவு தப்பிச்சு இருக்கு. முப்பத்தெட்டுல ஆறு மட்டும் புதுசா உருவாச்சுன்னு அதுல இருக்கு. பிரேக் அத்தியாயம் அந்த ஆறுல இல்ல.

இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்க பிரிவை நடத்துற மேடம் ஒரு தாளை என் மேஜையில வச்சிருக்காங்க. “பதினைந்து நிமிடம் என்ற திருத்தம் பிப்ரவரியிலேயே கையேட்டில் செய்யப்பட்டுவிட்டது.” வார்த்தைக்கு வார்த்தை உண்மை. நான் கையெழுத்துப் போட்டா உன் கதை முடிஞ்சுது. போடலேன்னா ஏன்னு சொல்லணும். சொன்னா என் கதை முடிஞ்சுது. வீடு கம்பெனி வீடு, அம்மாவோட வைத்தியம் கம்பெனி ஆஸ்பத்திரியில, பிள்ளைகள் படிப்பு இந்த வளாகத்துக்குள்ளயே. உன் வேலியாவது கண்ணுக்குத் தெரியுது.

நாளைக்குப் போட்டுத் தரேன்னு சொன்னேன். மூணு நாளா நாளைக்குன்னே சொல்லிட்டு இருக்கேன். உன்மேல புகார் எழுதிக் கொடுக்கறப்ப எனக்கு ஒரு நாள் கூட ஆகல. அது எனக்கே தெரியுது, நீ எழுத வேண்டாம்.

அண்ணன்


ஜூன் 20

அண்ணா,

நாலு பக்கம் எழுதியிருக்க. உன்னைப் பத்தி, என்னைப் பத்தி, அம்மாவைப் பத்தி, கருவியைப் பத்தி. ஒண்ணு மட்டும் இல்ல. அந்தப் புத்தகம் எத்தனை அச்சடிச்சீங்க? எத்தனை இடத்துக்குப் போச்சு?

லாரி அண்ணன் இன்னும் ரெண்டு சைட்டுக்கு ஓட்டுறார். ரெண்டுலயும் இதே லிஃப்ட், இதே பச்சை அட்டைப் புத்தகம். அவரே சொன்னார். அங்கயும் ஒரு மெக்கானிக் படிப்பாங்க, இன்னொருத்தர் திறப்பாங்க. நான் உன்னைத் திட்டி எழுதுற இந்த நேரத்துல கூட.

சோடாபுட்டி டவுன் ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பி வந்துட்டார். சாட்சியாம், அதனால அவரையும் உள்ளயே வச்சிருக்காங்க. ஒத்தைக் கையால கண்ணாடியைத் துடைக்க முடியல. முட்டிக்கு நடுவுல இடுக்கி வச்சுத் துடைக்கிறார், நழுவி நழுவி விழுது. நான் வாங்கித் துடைச்சுக் கொடுத்தா, “எனக்கு இன்னொரு கை இருக்கும்மா”ன்னு கத்துறார். அப்புறம் மன்னிப்புக் கேக்குறார். கேக்காம இருந்தாத் தேவலை.

உன் கடிதம் என் தலையணைக்கு அடியில இருக்கு. அதை எடுத்துட்டுப் போய் மேனேஜர்கிட்டக் காட்டினா நாளைக்கே என் அட்டை கைக்கு வந்துடும். உன் எழுத்து, உன் வாக்குமூலம். எனக்கு எழுதறப்ப நீ அதை யோசிச்சியான்னு தெரியல. நான் ஒவ்வொரு நாளும் யோசிக்கிறேன். இன்னும் காட்டல. காட்ட மாட்டேன்னும் சொல்லல. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். முன்கூட்டியே சொல்லிடறேன், உன்னை மாதிரி இல்லாம.

வாலு


ஜூன் 26

வாலு,

பதினொரு இடம். நீ கேட்ட கேள்விக்குப் பதில் அது. கேக்கற வரைக்கும் நான் எண்ணிக் கூடப் பாக்கல.

திங்கக்கிழமை காலையில அந்தப் பதிவை அச்செடுத்து மேடம் மேஜையில வச்சேன். அந்தத் தாள்ல நான் கையெழுத்துப் போட முடியாதுன்னு சொல்லி, ஏன்னும் சொன்னேன். அவங்க அதை ரெண்டு தடவை படிச்சாங்க.

“இதை வேற யாராவது பாத்திருக்காங்களா?”

“இல்ல மேடம்.”

“அப்ப நாம கொஞ்சம் யோசிக்கலாம். புது எட்டாம் பதிப்பு அடுத்த மாசம் வரப் போகுது. அதுல தானா சரியாயிடும்.”

“அதுவரைக்கும் பதினொரு இடத்துல மூணு நிமிஷம்தான் மேடம் இருக்கும்.”

“சட்டப் பிரிவைக் கேக்காம நான் எதுவும் செய்ய முடியாது. நீங்களும் செய்யக் கூடாது.”

சரின்னு சொல்லிட்டு வெளிய வந்தேன். என் இடத்துக்குப் போகல. கீழ வரவேற்பறையில ஒரு போன் இருக்கு, யார் வேணும்னாலும் பேசலாம். சைட் முகவரிப் பட்டியலை வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா கூப்பிட்டேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறங்க, மூணை அடிச்சுட்டுப் பதினஞ்சுன்னு எழுதுங்க, பக்கத்துல என் ஊழியர் எண்ணை எழுதுங்க, யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஒரு இடத்துல சிரிக்கிறான்: “நாங்க மெயினை அணைச்சா டீ குடிச்சுட்டுத்தான் சார் வருவோம், அரை மணி ஆகும்.” அந்த டீக்கு மனசுக்குள்ள கும்பிடு போட்டேன். எட்டாவது இடத்துல முந்தின நாள்தான் திறந்திருக்காங்க. மூணு நிமிஷத்துல. ராத்திரி பூரா லிஃப்ட் ஓடாம கிடந்ததாம், அதனால அழுத்தம் இல்ல போல. ஒண்ணும் ஆகல. “ஏன் சார் கேக்குறீங்க?”ங்கிறான். பதினஞ்சுன்னு திருத்தச் சொல்லிட்டுப் போனை வச்சேன். பக்கத்துல இருந்த நாற்காலியில உக்காந்துட்டேன். வரவேற்புப் பெண் தண்ணி கொண்டு வந்து கொடுத்துச்சு.

பத்தும் பேசி முடிச்சேன். பதினொண்ணாவது உன் இடம். உன் மேனேஜர்தான் எடுத்தார். பேரைச் சொன்னேன், அண்ணன்னும் சொன்னேன். எழுத்துல அனுப்புங்கன்னு வச்சுட்டார். அனுப்பிட்டேன். பதிவின் நகல், நிரலில் விடுபட்ட வரி, எல்லாம் என் கையெழுத்தோட. நீ என் கடிதத்தைக் காட்ட வேண்டிய அவசியம் இல்ல. காட்டினாலும் சரி.

இப்ப என் கணினியை எடுத்துட்டாங்க. வேலையை விட்டு நிறுத்தல, நிறுத்தினா நான் வெளிய போய்ப் பேசுவேன்னு பயம். தினம் ஒன்பது மணிக்கு வரணும், ஜன்னல் இல்லாத ஒரு அறையில அஞ்சரை வரைக்கும் உக்காரணும். மேஜை இருக்கு, வேலை இல்ல. கூட வேலை பாத்தவங்க கதவைத் தாண்டிப் போறப்ப நடையை வேகமா வைக்கிறாங்க. வீட்டைக் காலி பண்ணச் சொல்வாங்களான்னு உன் அண்ணி தினமும் கேக்குறா. தெரியலேன்னு தினமும் சொல்றேன்.

அம்மாகிட்டச் சொல்லிட்டேன். முழுசா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததையும் சேத்து. எங்கிட்ட ரெண்டு நாளா பேசல.

அண்ணன்


ஜூலை 8

அண்ணா,

உன் தாள் வந்து சேந்துச்சு. மேனேஜர் “கவனக்குறைவு” தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற ஒண்ணு கொண்டு வந்தார். இதுல எம்மேல தப்பு இல்லையாம். கீழ ஒரு வரி மட்டும்: கையேட்டைப் பத்தி வெளிய யார்கிட்டயும் பேச மாட்டேன். போட்டா அட்டை. சோடாபுட்டிக்கும் அதே தாள்.

நான் போடல. அவரும் போடல. போடறதுக்குக் கை வேணும்லன்னு சொன்னார். மேனேஜருக்குச் சிரிக்கறதா வேண்டாமான்னு தெரியல. விசாரணையைப் புதுசா ஆரம்பிக்கிறாங்க, இன்னும் ஆறு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் இங்கதான். அவருக்குக் கை மடக்கிப் பழகணும், அதுக்கு டவுன்ல ஆள் இருக்காங்க, இங்க இல்ல. அதை நினைச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. போட்டுடுங்கன்னு அவர்கிட்டச் சொன்னேன். நீ போடு, நான் போடறேங்குறார்.

லிஃப்ட் இல்லாம சுரங்க வேலை ஓடல, அதனால என்னை வேலைக்கு விட்டுட்டாங்க. திங்கக்கிழமை அதே பிரேக்கைத் திறந்தேன். தனியா. மெயினை அணைச்சுட்டுக் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு இரும்புப் படியில உக்காந்தேன். பதினோரு நிமிஷம் உன்மேல கோபமா இருந்தேன். மீதி நாலு நிமிஷம் உனக்கு என்ன எழுதலாம்னு யோசிச்சேன். அவ்வளவுதான் இப்போதைக்கு முடியுது, அதுக்கு மேல எதிர்பாக்காத.

அவர்கிட்டச் சொல்லிட்டேன், அந்த வரியை எழுதாதது என் அண்ணன்தான்னு. உன் கடிதங்களையும் படிச்சுக் காட்டினேன். “வேணும்னா செஞ்சார்”னு ஏதாவது ஆறுதலாச் சொல்லுவார்னு எதிர்பாத்தேன். சொல்லல. கண்ணாடியை எடுத்து முட்டிக்கு நடுவுல வச்சுத் துடைச்சார். அப்புறம், “உன்கிட்டத்தானே எழுதியிருக்கார். பத்து இடத்துக்குப் போன் பண்ணியிருக்கார். என் முன்னாடி வந்து நிக்கச் சொல்லு”ன்னார்.

சொல்லிட்டேன். வர்றதும் வராததும் உன் இஷ்டம். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. நீயும் இப்ப சாட்சி. உள்ள வந்தா உன் அட்டையையும் கேட்டுல வாங்கிக்குவாங்க. எப்பத் திருப்பிக் கொடுப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது.

வாலு


ஜூலை 14, கேட் அறையிலிருந்து

வாலு,

காவல்காரர் கையில இதைக் கொடுத்து அனுப்பறேன். லீவு கேட்டேன், தரல. தராமலே கிளம்பிட்டேன். இனி அந்த வேலை இருக்காது. வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அம்மா, போன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க, மூணு வாரத்துல எங்கிட்டப் பேசின முதல் வார்த்தை.

இங்க ஒரு பெஞ்ச் இருக்கு. மேனேஜர் வந்து உத்தரவு கொடுத்தாத்தான் உள்ள விடுவாங்களாம். அட்டையை வாங்கிட்டாங்க.

லாரியில வர்ற ஏழு மணி நேரமும் அவர்கிட்ட என்ன சொல்றதுன்னு எழுதி எழுதிப் பாத்தேன். எழுத்து எனக்குச் சரியா வரும்னு இத்தனை வருஷம் நினைச்சுட்டு இருந்தேன். எதுவும் சரியா இல்ல. எல்லாத்தையும் கிழிச்சு லாரி ஜன்னல் வழியா விட்டுட்டேன்.

வேலிப் பக்கம் வர முடிஞ்சா அவரைக் கூட்டிட்டு வா. உனக்கு என்னைப் பாக்கப் பிடிக்கலேன்னா அவரை மட்டும் அனுப்பு. நான் எங்கயும் போகல.

அண்ணன்